கொம்பன் பன்றியை எப்படிக் காட்டுவது? பொன்னர் சங்கர் கதையைப் படமாக எடுக்கிறோம்

மேற்பிரிவான், தலவாக்கலை:

அனைவருக்கும் வணக்கம். இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றைச் சேர்ந்த நாங்கள் ஒன்பது பேர், எங்கள் தாத்தாமார் விடிய விடிய ஆடிய பொன்னர் சங்கர் கூத்தை ஐம்பது நிமிடப் படமாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். மொத்தமாகச் சேர்ந்த பணம் 3 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாய். அதில் பாதி சீட்டுப் பணம். மீதி, கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் எங்கள் தோட்டத்துப் பையன்கள் அனுப்பியது. கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் அண்ணன் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் தம்முடைய கமெராவை இரவல் தருகிறார். அவருக்கு வேலை வந்துவிட்டால் அன்றைக்கு எங்களுக்குக் கைத்தொலைபேசிதான்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். குன்னுடையாக் கவுண்டருக்கும் தாமரைக்கும் பிறந்த பொன்னரும் சங்கரும், அவர்களுடைய தங்கை அருக்காணித் தங்காளும். அவர்கள்மீது தலையூர்க் காளி கொண்ட பகை. வேட்டுவர் ஏவிய கொம்பன் என்னும் மாயப் பன்றி வயலையும் வாய்க்காலையும் உழுது அழிப்பது. பொன்னாச்சி என்ற சின்னஞ்சிறு நாய் அதை மடக்குவது. பிறகு மூண்ட போரில் அண்ணன்மார் மடிய, தங்கை அழுதுகொண்டு படுகளத்துக்கு வந்து, பெரியகாண்டி அம்மன் அருளால் அவர்களை எழுப்புவது. கொம்பனைத் தவிர ஏறக்குறைய எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம்.

கொம்பனைக் கணினியில் செய்து தருவதாக நண்பர் ஒருவர் முன்வந்தார். இரண்டு மாதம் கண்விழித்துச் செய்தும் தந்தார். அவருடைய உழைப்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போன மாதம் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டி, அதுவரை எடுத்ததைத் தோட்டத்து மக்களுக்குப் போட்டுக் காட்டினோம். பன்றி வந்ததும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முப்பது வருடத்துக்கு மேல் சங்கர் வேடம் கட்டிய என் தாத்தா சிரிக்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டு, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் போய்விட்டார். பிள்ளைகளின் சிரிப்பைத் தாங்கிக்கொண்டேன். தாத்தா எழுந்து போனதைத்தான் இன்னமும் என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே இரண்டு கேள்விகள். மீதமிருக்கும் ஏறத்தாழ 45 ஆயிரம் ரூபாயில் கொம்பனை நம்பும்படியாகக் காட்ட வழி உண்டா? படுகளத்தில் அண்ணன்மார் எழும்பும் கட்டம் இப்போது பதினொரு நிமிடம் ஓடுகிறது. அதைக் குறைக்கச் சொல்லி நண்பர்கள் நெருக்குகிறார்கள். குறைக்கலாமா?


பதுளை வீதியான், பண்டாரவளை:

தம்பி, உங்கள் நண்பர் செய்த பன்றியை நான் பார்க்கவில்லை. ஆனால் அது எங்கே சறுக்கியிருக்கும் என்பதை ஊகிக்க முடிகிறது, ஏனென்றால் நானும் அதே இடத்தில் சறுக்கியவன்தான். கணினியில் செய்த மிருகத்துக்குப் பெரும்பாலும் உருவம் சரியாகவே இருக்கும்; பாரம்தான் இருக்காது. அது மிதித்த புல் மடங்குவதில்லை, உரசிய தேயிலை ஆடுவதில்லை, கால் பட்ட இடத்தில் சேறு தெறிப்பதில்லை. போதாததற்கு உங்கள் ஊரில் பாதி நாள் மூடுபனி. அந்த வெளிச்சத்தில் மனிதருக்கே நிழல் விழாது. பன்றிக்கு மட்டும் உச்சி வெயிலில் நிற்பதுபோல் கறுப்பு நிழலும் முதுகில் மினுமினுப்பும் இருந்தால், சிரிக்கிற பிள்ளைக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் கண் பொய்யைக் கண்டுபிடித்துவிடும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முக்கால்வாசி நேரம் பன்றியைக் காட்டவே மாட்டேன். அது போகும் வழியை மட்டும் காட்டுவேன். தேயிலைச் செடிகள் இடுப்பளவு உயரத்தில் மேசைபோல் சமமாக வெட்டப்பட்டு, மலை முழுவதும் விரிந்து கிடக்கின்றன. அந்த இலைப்பரப்பின் கீழே ஒரு பெரிய உடம்பு ஓடினால் மேலே என்ன தெரியும்? செடிகள் வரிசையாக அதிர்ந்து அதிர்ந்து வரும். ஒரே நிரையில் முப்பது செடிகளின் அடித்தண்டில் தும்புக்கயிற்றைக் கட்டி, கீழ்ப்பக்கத்து வடிகாலான கானில் பத்துப் பேர் படுத்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக எண்ணி இழுக்க வேண்டும். எதிர் மலையிலிருந்து எடுங்கள். செலவு கயிற்றுக்கும் தேநீருக்கும்தான். தண்டை முறித்துவிடாமல், கவ்வாத்துக்கு, அதாவது செடிகளைத் தாழ வெட்டிவிடக் காத்திருக்கும் பழைய மலையாகப் பார்த்துத் தோட்ட நிர்வாகத்திடம் கேளுங்கள். கொழுந்து எடுக்கிற மலையில் கயிறு கட்டினால் கங்காணி உங்களைத்தான் கட்டுவார்.

தலை மட்டும் ஒன்று செய்துகொள்ளுங்கள். கவ்வாத்தில் வெட்டிய குச்சிகளான மிலாறை உங்கள் ஊரில் விறகுக்கு அடுக்கி வைத்திருப்பார்கள். அதை வளைத்துக் கூடு கட்டி, மேலே சாக்கு ஒட்டி, நுனிகள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும்படி விட்டால் பன்றிமயிருக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது. அந்தத் தலையைக் கமெராவுக்கு ஒரு மீற்றர் தூரத்தில் வைத்து, நடிகர்களைப் பத்துப் பன்னிரண்டு மீற்றர் பின்னால் நிறுத்துங்கள். இரண்டும் ஒரே தரையில் நிற்பதுபோல் கோணத்தைத் தாழ்த்தினால், ஒரு முழத் தலை வீட்டளவு தெரியும். இதற்குக் கிட்ட இருப்பதும் தொலைவில் இருப்பதும் ஒருசேரத் தெளிவாக விழ வேண்டும். இங்கேதான் கைத்தொலைபேசி கல்யாணக் கமெராவை வெல்கிறது. ஒளியைப் பதியும் அதன் உணரி மிகச் சிறியது என்பதால் கிட்டத்துப் பொருளும் தூரத்துப் பொருளும் ஏறத்தாழ ஒரே தெளிவில் கிடைக்கும். கல்யாணக் கமெராவில் பின்னால் நிற்பவர்கள் மங்கிப்போவார்கள்.

தலை அசையும்போது இன்னொரு கணக்கு வருகிறது. சின்ன மாதிரியைச் சாதாரண வேகத்தில் எடுத்தால் அது பொம்மை என்று உடனே தெரிந்துவிடும். புவியீர்ப்பு சின்னப் பொருளுக்காக மெதுவாக இழுப்பதில்லை. பொம்மைப் பன்றி கிளறிய மண் சட்டென்று விழுந்துவிடும், மலையளவு பன்றி வாரி எறிந்த மண்ணோ காற்றில் நின்று விழ வேண்டும். ஆகவே அளவு எத்தனை மடங்கு சிறிதோ, அதன் வர்க்கமூலத்தால் படம் எடுக்கும் வேகத்தைக் கூட்ட வேண்டும். நான்கில் ஒரு பங்குத் தலையென்றால் இரண்டு மடங்கு, அதாவது விநாடிக்கு 50 சட்டகம் (பிரேம்) எடுத்து 25 சட்டகமாக ஓட்ட வேண்டும். ஒன்பதில் ஒரு பங்கென்றால் மூன்று மடங்கு. பழைய காலத்துப் படங்களில் கப்பல் கவிழ்வதையும் அணை உடைவதையும் தொட்டித் தண்ணீரில் எடுத்தவர்களும் இந்தக் கணக்கைத்தான் வைத்திருந்தார்கள்.

காலத்தையும் யோசியுங்கள். உங்கள் பக்கத்தில் மே மாதம் தொடங்கினால் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை விடாது. அதே மாதங்களில் எங்கள் ஊவா மாகாணப் பக்கம் வறண்ட கச்சான் காற்று அடித்து மானாப்புல் காய்ந்து கிடக்கும். மழையில் நின்றுபோன காட்சியை இங்கே வந்து எடுக்கலாம். புகையிரதத்தில் சில மணித்தியால தூரம்தான். ஆனால் இங்கே வந்து புகைமூட்டம் போடுகிறேன் என்று வைக்கோலைக் கொளுத்தாதீர்கள். காய்ந்த மானாவில் ஒரு பொறி விழுந்தால் போதும், மலையே எரிந்துவிடும்.

பொன்னாச்சிக்கு லயத்து நாய் ஒன்றையே பிடியுங்கள். கமெராவுக்குப் பக்கத்தில் ஒரு துண்டுக் கருவாட்டை ஆட்டினால் அது பன்றியைப் பார்ப்பதைவிட உக்கிரமாகப் பார்க்கும்.


ஆசிரியை, பசறை:

அன்புள்ள தம்பிக்கு. என் தந்தையார் எங்கள் தோட்டத்தில் தப்பு என்னும் பறை அடித்தவர். மாசி மாதம் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து, அது முடிந்தால் பொன்னர் சங்கர், சில வருடங்களில் அருச்சுனன் தபசு என்று எங்கள் பிள்ளைப் பருவம் முழுவதும் அந்தச் சத்தத்தோடுதான் கழிந்தது. பண்டாரவளை அன்பர் கமெராவைக் கொண்டு சொன்னதை, எங்கள் பெரியவர்கள் கமெரா இல்லாமலே செய்திருந்தார்கள் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டத்துக் கூத்தில் கொம்பன் ஆட்டக்களத்துக்கு வந்ததே கிடையாது. அந்தக் கட்டம் நெருங்கும்போது பெற்றோமெக்ஸ் விளக்கைத் தணித்துவிடுவார்கள். அதுவரை ஓயாமல் அடித்த தப்பு சட்டென்று நிற்கும். வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கூடியிருக்கும் அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொண்டிருக்க, எங்கோ பின்பக்கத்தில் லயத்துக் கூரைத் தகரத்தை யாரோ இழுத்துச் சுரண்டும் சத்தம் கேட்கும். பிறகு இன்னொரு லயத்தில். பிறகு நமக்கு மிக அருகில். முன்கூட்டியே ஏற்பாடு செய்து அனுப்பிய பையன்கள்தான் அவர்கள் என்று எல்லாருக்கும் தெரியும். என் சொந்த அண்ணனே ஒரு வருடம் தகரம் சுரண்டப் போனவர். தெரிந்தும் நான் அம்மாவின் படங்குத் துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். உங்கள் படத்திலும் கொம்பன் முதலில் காதுக்கு வரட்டும். தப்பு நிற்கிற அந்த மௌனத்தைப் பதிவு செய்ய ஒரு ரூபாயும் செலவாகாது.

இரண்டாவதாக ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். உங்கள் கதைச் சுருக்கத்தில் சாம்புகனின் பெயரே இல்லை. அண்ணன்மாருடைய எல்லா வேலைகளையும் முன்னின்று செய்கிறவன் அவன். கதை அவனைப் பறையர் குலத்தவன் என்றே சொல்கிறது. இது கொங்கு நாட்டுக் காணியாளரின் கதை. வயலையும் வாய்க்காலையும் ஆண்டவர்களின் பெருமையைச் சொல்வது. காட்டை நம்பி வாழ்ந்த வேட்டுவரைப் பகைவராக்குவது. சொந்தமாக ஒரு துண்டுக் காணிக்கு இன்றும் காத்திருக்கிற நம்முடைய சனங்கள், லயத்துக் காம்பராவில் இருந்துகொண்டு அந்தக் கதையை ஏன் பல தலைமுறைகளாக உயிரைக் கொடுத்து ஆடினார்கள் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. என் தந்தையார் சொன்ன பதில் சாதாரணமானது: "சாம்புகன் வருகிற இடத்தில் தப்புக்காரன் கை தானாக உயரும்." அவருக்கு அது சாம்புகனின் கதை. கொம்பனை அரசர்களின் கண்ணால் காட்டாமல், வயல் அழிந்த மறுநாள் காலையில் சேற்றில் குளம்படி தேடிப் போகும் சாம்புகனின் கண்ணால் காட்டிப் பாருங்கள். பன்றி தெரியாவிட்டாலும் அதன் அளவு தெரிந்துவிடும். ஒரு குளம்படிக்குள் அவன் இரண்டு காலையும் வைத்து நின்றால் போதுமே.

படுகளத்தைக் குறைக்கவே குறைக்காதீர்கள். பதினொரு நிமிடம் என்கிறீர்கள். கூத்தில் அது ஒரு மணித்தியாலத்துக்கும் மேல். தங்காளின் ஒப்பாரியில் பார்க்க வந்த பெண்கள் தங்கள் வீட்டுச் சாவுகளை நினைத்து அழுவார்கள். விழுந்து கிடப்பவர்களுக்கு மெய்யாகவே அருள் வந்து நினைவு தப்புவதும் உண்டு. தண்ணீர் தெளித்து எழுப்புவது அவர்களுக்கு நடிப்பல்ல. உங்கள் தாத்தா எழுந்து போனது பன்றிக்காகவா, படுகளத்தை வெட்டிவிடுவீர்கள் என்ற பயத்துக்காகவா என்று அவரிடமே கேட்டீர்களா?


ஸ்டோர் லயம், ஹற்றன்:

நான் மாறுபடுகிறேன். காட்டாமல் காட்டுவது என்பது பெரியவர்களுக்குச் சரி. பத்து வயதுப் பிள்ளை பன்றியைப் பார்க்கத்தான் வந்து உட்காருகிறது. மாயக் கதையில் மாயத்தை ஒளித்து வைத்தால் பிறகு என்ன மிச்சம்? விட்டலாச்சார்யா என்ற தெலுங்கு இயக்குநர் மிகக் குறைந்த செலவில் மந்திரவாதி, மோகினிப் படங்களாகவே எடுத்துத் தள்ளினார். 1978இல் வந்த ஜகன்மோகினியில் பேய் தன் காலையே அடுப்பில் விறகாக வைத்துச் சமைக்கும். அது தந்திரம் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் தமிழில் வந்தபோது சனங்கள் கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள், இன்றைக்கும் அந்தக் காட்சியைத்தான் சொல்கிறார்கள். அது மெய்போல் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. அப்படி ஒன்றை யோசித்தாரே என்றுதான் வியந்தார்கள்.

ஆகவே என்னுடைய யோசனை, கொம்பனை ஒளிவு மறைவின்றிக் கூத்து வேடமாகவே கொண்டுவாருங்கள் என்பது. காமன் கூத்து வேடங்களுக்கு வைத்திருக்கும் அதே அரிதாரமும் அதே சலங்கையுமாக, மிலாறுத் தலையைச் சுமந்துகொண்டு ஓர் ஆள் ஆடட்டும். பிரெண்டா பெக் என்ற கனடிய மானிடவியலாளர் 1960களில் கொங்கு நாட்டில் இதே கதையைப் பாடகர்கள் பாடக் கேட்டுப் பதிவு செய்து, பின்னாளில் 26 பகுதிகள் கொண்ட அசைபடத் தொடராக்கினார். அதில் மிருகங்கள் மெய்யான மிருகங்கள் போல் இருக்க முயலவே இல்லை. நாட்டுப்புறச் சித்திரம் போல்தான் இருக்கின்றன. ஒருவரும் குறை சொல்லவில்லை.


பதுளை வீதியான், பண்டாரவளை:

ஹற்றன் அன்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் முழுக்க ஒளிக்கச் சொல்லவில்லை. ஆனால் படம் ஒரே மொழியில் பேச வேண்டும். அண்ணன்மார் சாதாரண வேட்டியும் துண்டுமாக மெய்யான மலையில் நடந்து போகும்போது, பன்றி மட்டும் சலங்கை கட்டி வந்தால் மறுபடியும் சிரிப்புதான். தம்பி, உங்கள் நடிகர்கள் என்ன உடையில் இருக்கிறார்கள் என்று சொல்லவில்லையே?


மேற்பிரிவான், தலவாக்கலை:

அண்ணன், கூத்து உடையில்தான். தாத்தாவின் பெட்டியில் இருந்த கிரீடமும் புஜக்கட்டும் மார்புப் பதக்கமும் அப்படியே. கண்ணாடித் துண்டுகள் பாதி உதிர்ந்துவிட்டன. பிஸ்கட் பெட்டித் தகரத்தை வெட்டி ஒட்டியிருக்கிறோம்.


பதுளை வீதியான், பண்டாரவளை:

அப்படியென்றால் நான் தோற்றேன். ஹற்றன் அன்பர் சொன்னபடி செய்யுங்கள். கடைசிக் காட்சியில் வேடத்தோடு வரட்டும். அதற்கு முன்னால் செடி அசைவதையும் தகரம் சுரண்டுவதையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.


வழக்கறிஞர் ஒருவர், கண்டி:

படம் முடிந்த பிறகு சிக்கலில் மாட்டிக்கொள்ளாமல் இருக்கச் சில வார்த்தைகள். கதை யாருக்கும் சொந்தமானதல்ல; ஆனால் அதை ஒருவர் எழுதிய வடிவம் அவருக்குச் சொந்தம். மு. கருணாநிதி இக்கதையை நாவலாக எழுதியிருக்கிறார். அதை வைத்து 2011இல் தமிழகத்தில் ஒரு படமும் வெளிவந்தது. அவற்றிலிருந்து உரையாடலோ புதிதாகப் புனைந்த சம்பவமோ உங்களை அறியாமல் வந்திருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் தோட்டத்துக் கூத்தில் பாடியதை மட்டும் வைத்துக்கொள்வது எல்லா வகையிலும் நல்லது.

நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் நாட்டார் வெளிப்பாடுகளுக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. அவற்றை வணிக நோக்கோடு, அல்லது அவற்றின் மரபுச் சூழலுக்கு வெளியே கொண்டுபோய் உருமாற்றிப் பயன்படுத்துவதற்கு அது கட்டுப்பாடு விதிக்கிறது. தோட்டத்துக்குள் காட்டுவதோடு நிறுத்தாமல் கட்டணம் வாங்கித் திரையிட எண்ணினால், அந்தப் பிரிவையும் தணிக்கைச் சபைச் சான்றிதழையும் முன்னதாகவே கவனியுங்கள். ட்ரோன் பறக்கவிடுவதற்கும், ஹோர்ட்டன் சமவெளி போன்ற தேசிய வனத்துக்குள் படம் எடுப்பதற்கும் தனித்தனி அனுமதி வேண்டும். தோட்ட நிர்வாகத்தின் அனுமதியை வாய்வார்த்தையாக வைத்துக்கொள்ளாதீர்கள். துரை மாறினால் வாய்வார்த்தையும் மாறிவிடும்.


மேற்பிரிவான், தலவாக்கலை:

எல்லாருக்கும் நன்றி. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பிறகு எழுதுகிறேன்.

கயிற்று வேலை முதல் நாள் சரிவரவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் இழுத்ததில் பன்றி ஓடுவதற்குப் பதிலாகப் பூமி அதிர்ந்ததுபோல் இருந்தது. போதாக்குறைக்குக் கானில் படுத்திருந்தவர்களை அட்டை பதம் பார்த்துவிட்டது. இரண்டாவது ஞாயிறு தப்பு அடிக்கச் சொல்லி, அடிக்கு ஒருவராக இழுத்தோம். பதினேழாவது முறை சரியாக வந்தது. எதிர் மலையில் நின்று பார்த்த எனக்கே, கீழே படுத்திருப்பது எங்கள் பையன்கள் என்பது ஒரு கணம் மறந்துபோனது. கவ்வாத்துக்கு விட்டிருந்த மலை என்பதால் நிர்வாகமும் எழுத்தில் அனுமதி தந்தது.

டீச்சர் கேட்கச் சொன்னதைத் தாத்தாவிடம் கேட்டேன். இரண்டுக்கும் இல்லையாம். "சங்கர் பன்றியைக் குத்தும்போது உன் பையன் சிரித்துக்கொண்டே குத்துகிறான்" என்றார். அவருக்குத் தெரிந்த சங்கர் அந்த இடத்தில் ஒரு விருத்தம் பாடி, அதுவும் ஓர் உயிர்தான் என்று பன்றியிடம் சொல்லிவிட்டுத்தான் ஈட்டியை ஓங்குவானாம். அந்த விருத்தம் எங்களிடம் இருந்த கூத்துப் பாட்டுக் கொப்பியில் இல்லை. தாத்தாவுக்கும் முதல் இரண்டு அடிகளுக்கு மேல் நினைவு வரவில்லை. சாம்புகனாக நடிக்கப் புதிதாகச் சேர்ந்திருப்பவர் எங்கள் தோட்டத்துத் தப்புக்காரரின் மகன். அவருடைய அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்க இன்று இரவு போகிறோம்.

டீச்சர், உங்கள் தந்தையார் இந்த விருத்தத்தைப் பாடிக் கேட்டிருக்கிறீர்களா?


ஆசிரியை, பசறை:

தந்தையார் காலமாகிப் பதினான்கு வருடமாகிவிட்டது, தம்பி. பன்றியைக் குத்தும் முன் சங்கர் பாடியது நினைவிருக்கிறது. சொற்கள் இல்லை, மெட்டு மட்டும். என் அண்ணன் இப்போது மடுல்சீமையில் இருக்கிறார். சனிக்கிழமை அவரைப் பார்க்கப் போகிறேன். அவர் தகரம் சுரண்டப் போன வருடம் அந்தப் பாட்டு முடியும்வரை கூரையிலேயே காத்திருக்க வேண்டியிருந்தது. அவருக்கு ஞாபகம் இருக்கலாம். கைத்தொலைபேசியில் பாடிப் பதிந்து அனுப்பச் சொல்கிறேன்.